குளிர்காலத்தில் இங்கிலீஷ் பேசாத ஊர்

என் அக்கா மகள் சுகந்தி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷனோடு பத்து நாள் போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறாளாம். செல்போனில் எதையோ தேடிக்கொண்டே இருந்தவள், "சித்தி, அங்கயெல்லாம் இங்கிலீஷ்ல பேசினா புரியுமா? நூத்துக்கு இத்தனை பேருக்குத் தெரியும்னு இதுல ஒரு கணக்கு போட்டிருக்கான். நம்பலாமா?" என்று கேட்டாள்.

"எந்த மாசம் போற?"

"மாசத்துக்கும் இங்கிலீஷுக்கும் என்னா சம்பந்தம்?"

"கோடையில போனா பேசுவாங்க. குளிர்காலத்துல போனா ஆள் தேடணும்."

அவள் சிரித்தாள். சிரிக்கத்தான் செய்வாள். நான் புதுச்சேரியை விட்டுப் போனது மதராஸ், திருப்பதி, ஒரு முறை பெங்களூர். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் புதுச்சேரி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்தவள். அந்த ஊர்களை நான் பார்த்ததில்லை, காதால் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் நடந்ததை அவளிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. "இதை எழுதி வை சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையில் வேலைநிறுத்தம் வந்தால் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, பரீட்சை எழுதி, மதராஸில் மூன்று மாதம் பயிற்சி முடித்து வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பயிற்சியில் கற்றது மூன்று விஷயம். எண்ணைத் திருப்பிச் சொல்வது, நேரத்தை டிக்கெட் என்கிற பதிவுச் சீட்டில் குறிப்பது, யார் என்ன பேசினாலும் பதில் பேசாமல் இருப்பது. மற்றதெல்லாம் போர்டில் உட்கார்ந்து கற்றதுதான்.

போர்டு என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் மரப் பலகை. முகத்துக்கு நேரே நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கு. மேசையில் ஜோடி ஜோடியாகக் கயிறு போன்ற வயர்கள், நுனியில் பித்தளைப் பிளக். ஒரு வயரை மதராஸ் துளையிலும் அதன் ஜோடியை ஊர்க்காரர் துளையிலும் செருகினால் இரண்டு பேரும் பேசலாம். நடுவில் இருக்கும் சாவியை முன்னால் தள்ளினால் நாமும் கேட்கலாம், பேசலாம். பின்னால் தள்ளினால் நாம் விலகிவிடுவோம். வெளிநாட்டுக்கு என்றால் மதராஸ், அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பெரும்பாலும் லண்டன். அதற்கு அப்பால் யார் யார் கையில் போகும் என்று நமக்குத் தெரியாது. காலையில் பதிவு செய்தால் சாயங்காலம் கிடைக்கலாம், மறுநாளும் ஆகலாம்.

எங்கள் சூப்பர்வைசர் ரோசாலி மேடம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பம். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். மேடம் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இடது தோளில் பின் குத்தி மாட்டிய சின்னக் கடிகாரம், கையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். யாராவது எண்ணைத் தப்பாகச் சொன்னால் நாற்காலி முதுகில் பென்சிலால் இரண்டு தட்டு, அறைக்கே கேட்கும்படி ஒரு கத்தல். அவ்வளவுதான். எந்தப் போர்டிலும் தன் ஹெட்செட்டைச் செருகி, நமக்குத் தெரியாமலே நாம் பேசுவதைக் கேட்பார். சாயங்காலம் துண்டுச் சீட்டு வரும். "மூன்று மணி டிக்கெட். கடலூர்க்காரரிடம் 'ம்' என்று சொன்னாய். 'ம்' ஒரு வார்த்தை இல்லை." இப்படி.

சேர்ந்த முதல் வாரம் பாரிசிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தபோது நான் இரண்டு வார்த்தை பிரெஞ்சில் பேசிவிட்டேன். மேடம் வந்து நின்றார்.

"பிரெஞ்சு எங்க கத்துக்கிட்ட?"

"கான்வென்ட்ல மேடம்."

"போர்டுல பிரெஞ்சு பேச வேணாம். இங்கிலீஷ் போதும். பிரெஞ்சு வந்தா எனக்குக் குடு."

நான் சொன்னது பொய். கான்வென்டில் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கவே இல்லை. என் அம்மா அஞ்சலை கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் பாத்திரம் தேய்த்தார், துணி துவைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அந்த வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். ஏழு வருடம். அங்கே சமையல்காரரும் தோட்டக்காரரும் மதாமின் டிரைவரும் பேசிய பிரெஞ்சுதான் என் பிரெஞ்சு. அதில் 'நீங்கள்' கிடையாது, 'நீ' மட்டும்தான். இதை ஆபீசில் சொல்ல எனக்கு வெட்கம். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் குமாஸ்தா வீட்டுப் பெண்கள், வாத்தியார் வீட்டுப் பெண்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக் கதை பேசும்போது நான் அப்பாவின் ஆலையைப் பற்றிச் சொல்வேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். நம் ஜனங்களுக்கு வெள்ளைத் தோல் என்றால் ஒன்று பிரெஞ்சு, இல்லாவிட்டால் இங்கிலீஷ். அப்படி இல்லை என்று எனக்குப் போர்டுதான் காட்டியது. இத்தாலிக்காரர் வருவார், ஸ்பெயின்காரர் வருவார், கிரீஸிலிருந்து ஒரு தம்பதி வருடா வருடம் வருவார்கள். பாதிப் பேர் கடலோரத்து ஊர்க்காரர்கள். கோடையில் வெளியூர் ஆட்கள் வந்து வெயில் காயும் ஊர்கள் அவை. அவர்கள் வீட்டுக்கு நான் கால் போட்டுத் தருவேன்.

ரோம், மாட்ரிட் மாதிரி பெரிய ஊர்களின் ஆபரேட்டர்கள் இங்கிலீஷோ பிரெஞ்சோ பேசிவிடுவார்கள். அதற்குக் கீழே இறங்கினால்தான் சிரமம். ஜூன், ஜூலையில் கூப்பிட்டால் யாரோ ஒருவர் சட்டென்று எடுத்து, குட் மார்னிங், நோ ரூம், ஃபுல், சாரி என்று சரளமாகச் சொல்வார். ஆகா, இங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும்போல என்று நினைப்பேன். அதே எண்ணை டிசம்பரில் கூப்பிட்டால் வேறு யாரோ ஒரு பெண்மணி எடுத்து, தன் பாஷையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இங்கிலீஷ் தெரிந்த பையன்கள் சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதும், சீசனில் அவர்கள் பேசிய இங்கிலீஷும் ரூம், சாப்பாடு, பில் இந்த மூன்றைத் தாண்டாது என்பதும் எனக்கு மெல்லத்தான் புரிந்தது. நாற்பது வார்த்தை இருக்கும். அந்த நாற்பதைக் கடகடவென்று சொல்வார்கள். நாற்பத்தொன்றாவது வார்த்தையை நாம் கேட்டால் எல்லாவற்றுக்கும் யெஸ்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. பொங்கல் முடிந்த வாரம். காலை பத்து மணிக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டார். டாக்டர் வேணு என்று பெயர். இளவயதுக்காரர். உயிர் ஆபத்து என்று முன்னுரிமை கொடுத்து வெளிநாட்டு லைன் வேண்டும் என்றார். மேடம் என் போர்டில் அந்த லைனைப் போட்டதால் நானும் கேட்டேன்.

மனுவேல் என்று ஒரு போர்ச்சுகல் பையன், வயது இருபத்துமூன்று. பிள்ளைச்சாவடி பக்கம் வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு வராமல் மண்ணும் மணலுமாக ஐந்தாறு நாள் துணியைச் சுற்றிக்கொண்டே திரிந்திருக்கிறான். இப்போது புண் சீழ் வைத்துவிட்டது. கடும் ஜுரம், நினைவு சரியாக இல்லை. தாடை இறுகத் தொடங்கியிருக்கிறது.

"ரெண்டு மருந்து குடுக்கணும் மேடம்" என்றார் டாக்டர். "புண்ணுக்குப் பெனிசிலின். தாடை இறுகுறது டெட்டனஸ், அதுக்குக் குதிரை ரத்தத்துலருந்து எடுக்கிற சீரம். கூட வந்த டென்மார்க்குப் பொண்ணு ஒண்ணு சொல்லுது, ஜுரம் ஏறுறதுக்கு முந்தியே இவன் 'நோ இஞ்செக்‌ஷன், மீ ஸ்மால், இஞ்செக்‌ஷன், டெட்'னு திரும்பத் திரும்பச் சொன்னானாம். சின்ன வயசுல ஏதோ ஊசி போட்டுச் சாகப் பொழைச்சிருக்கான். எந்த ஊசின்னு தெரியணும். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் எதைப் போட்டாலும் ஆபத்து. அவ்ளோ மோசமா ஆனவனுக்கு டெஸ்ட் பண்ணிப் பாக்கவே பயமா இருக்கு. அவங்கம்மாவக் கேட்டா தெரியும்."

பையனின் டைரியில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. போர்ச்சுகலின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு ஹோட்டல். கோடையில் அவன் அங்கே பரிமாறுகிறவன். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துத்தான் குளிர்காலத்தில் இந்தியா சுற்ற வந்திருக்கிறான்.

பம்பாயைப் பிடித்தோம். அங்கே வெளிநாட்டுப் பிரிவில் கோவாக்காரர் ஒருவர் உண்டு, அவருக்குப் போர்ச்சுகீஸ் வரும். அன்றைக்கு அவர் லீவு. லண்டன் கிடைக்க ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றே முக்காலுக்கு ஹோட்டலில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அங்கே காலை எட்டேகால். வெகு நேரம் அடித்த பிறகு ஒரு ஆண் குரல் எடுத்தது.

"ஹோட்டல் குளோஸ்ட். ஜூன் ஓப்பன். தேங்க் யூ. வெல்கம்."

நான் இங்கிலீஷில், "சார், இது இந்தியா. மனுவேலுக்கு உடம்பு சரியில்லை. அவங்க அம்மா வேணும்" என்றேன்.

"யெஸ், யெஸ். ஜூன். வெல்கம்."

வைத்துவிட்டார். பம்பாயும் லண்டனும் லைனை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மேடம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் ஹெட்செட்டைத் தான் மாட்டிக்கொண்டார். இன்னொரு ஹெட்செட்டை நான் செருகிக்கொண்டேன். மறுபடி பம்பாய், மறுபடி லண்டன். இந்தத் தடவை மேடம் ஹோட்டலை நேராகக் கேட்கவில்லை. லிஸ்பன் ஆபரேட்டரை லைனில் நிறுத்தி, பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். அவள் ஹோட்டலில் முன்பு போனை எடுத்த காவலாளியிடம் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசினாள். பிறகு எங்களிடம், "அம்மா பெயர் மரியா. இரண்டு தெரு தள்ளி வீடு. கூப்பிடப் போயிருக்கிறார். அந்த அம்மா பன்னிரண்டு வருடம் பாரிசில் இருந்தவர், பிரெஞ்சு தெரியும். நீங்களே பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு விலகிவிட்டாள்.

மேடத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பிரெஞ்சு என்றால் கவலை இல்லை.

பதின்மூன்று நிமிடம் காத்திருந்தோம். சும்மா காத்திருக்க முடியாது. பேச்சு கேட்கவில்லை என்றால் நடுவில் யாராவது லைன் காலியென்று பிளக்கை உருவிவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை மேடம், "ஹலோ லண்டன், ஹோல்டிங், ப்ளீஸ்" என்பார். நான் ஜோடி வயரைக் கோரிமேட்டில் செருகி டாக்டரையும் லைனில் வைத்திருந்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது.

கடைசியில் ஓடி வந்து மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல் வந்தது.

மேடம் பேசிய பிரெஞ்சு அப்படி ஒரு பிரெஞ்சு. அதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். "அம்மையாரே, வணக்கம். தங்கள் புதல்வர் இங்கு உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார். அவருடைய இளம் பிராயத்தில் பெனிசிலின் என்னும் மருந்து அவருக்கு ஒவ்வாமற்போனதுண்டா என்பதைத் தெரிவிக்க இயலுமா?"

"உய், மதாம்." ஆமாம் அம்மா.

மேடம் டாக்டரிடம், "பெனிசிலின்தானாம்" என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பிக் கேட்டார். "அல்லது ஒவ்வாமற்போனது சீரம் என்னும் மருந்தாக இருக்கக்கூடுமா?"

"உய், மதாம்."

"ஆகவே இரண்டுமே ஒவ்வாதவை என்று கொள்ளலாமா?"

"உய், மதாம்."

"இரண்டையும் செலுத்துவதில் தடை ஏதும் இல்லையா?"

"உய், மதாம்."

டாக்டர் குழம்பிப்போனார். "என்ன மேடம் இது, எல்லாத்துக்கும் ஆமான்னா நான் என்ன பண்ண?"

எனக்கு அந்த 'உய், மதாம்' நன்றாகத் தெரியும். அது என் அம்மாவின் குரல். மதாம் ஹாலிலிருந்து என்ன சொன்னாலும் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே 'உய், மதாம்' என்பார். பிறகு சமையலறைக்குள் வந்து என்னிடம் குனிந்து, "என்னாடி சொன்னாங்க?" என்று கேட்பார்.

எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், அவங்களுக்குப் புரியல."

"பிரெஞ்சு தெரியும்னு லிஸ்பன் சொன்னாளே."

"தெரியும் மேடம். பயப்படுறாங்க. எங்கம்மாவும் புரியலன்னா இப்படித்தான் சொல்வாங்க."

"உங்கம்மாவா?"

அறையில் இன்னும் நாலு பேர் போர்டில் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். "எங்கம்மா ஒரு மதாம் வீட்டுல பாத்திரம் தேய்ச்சாங்க மேடம். நான் அங்க கத்துக்கிட்ட பிரெஞ்சுதான். கான்வென்ட் இல்ல."

மேடம் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார். அதில் பேசுகிற பாகத்தை இடுப்பிலிருந்த கைக்குட்டையால் துடைத்தார். என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

நான் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சிலும் அது இதைவிட நன்றாக இருந்திருக்காது.

"மரியா?"

"உய், மதாம்."

"நான் மதாம் இல்ல. நான் தனம். மனுவேல் உசுரோட இருக்கான். கேக்குதா? கால்ல அடி. ஜுரம். ஆஸ்பத்திரியில இருக்கான்."

"உசுரோடயா?" என்றார்.

"உசுரோடதான்."

அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அதுவரை மகன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கேள்விக்கும் ஆமாம் போட்டிருக்கிறார். தூர தேசத்திலிருந்து ஒரு பெரிய வீட்டு அம்மா இவ்வளவு மரியாதையாகப் பேசினால் வேறு எதற்கு என்று நினைத்தாராம். இதைப் பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார்.

"இப்ப அழாத மரியா. லைன் போயிடும். சின்ன வயசுல அவனுக்கு ஊசி போட்டு ஒருதரம் ரொம்ப முடியாமப் போச்சாமே. என்னா ஆச்சு? மொதல்லருந்து சொல்லு."

சொன்னார். வீட்டு வேலைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து கதை சொல்வோமே, அப்படி ஒன்று விடாமல் சொன்னார். அவன் ஆறு வயதில் கரையில் படகு பழுதுபார்க்கிற இடத்தில் விளையாடியது, செருப்பில்லாத காலில் ஆணி ஏறியது, மாமனார் தூக்கிக்கொண்டு ஓடியது, தொடையில் ஊசி போட்டது, வாசலைத் தாண்டுவதற்குள் முகம் ரொட்டி மாவு மாதிரி உப்பி, உதடு நீலமானது, சர்ச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி ஜெபம் சொன்னது. அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் டாக்டருக்குத் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னேன்.

"ஆணியா?" என்றார் டாக்டர். "துருப் பிடிச்ச ஆணியா?"

கேட்டேன். படகு ஆணி, துருப் பிடித்ததுதான்.

"அப்ப அது சீரம்தான். ஆணி குத்தினா அதைத்தான் போடுவாங்க. பெனிசிலின் எப்பவாவது போட்டு ஒத்துக்கிட்டதான்னு கேளும்மா."

பெனிசிலின் என்ற பெயரையே நான் எடுக்கவில்லை. "நீ பாரிஸ்ல இருந்தப்ப அவனுக்குத் தொண்டை, காய்ச்சல்னு ஊசி போட்டியா?"

"போட்டேனே. பத்து வயசுல, தாத்தா வீட்டுலருந்து ஒரே ஒரு மாசம் எங்கிட்ட வந்திருந்தப்ப. நான் வேலை செஞ்ச வீட்டு டாக்டரு போட்டாரு. வெள்ளையா, பால் மாதிரி இருக்கும். இடுப்புல. எட்டு நாள் தினமும் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் ஆவல. நல்லாயிட்டான்."

நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர், "அது பெனிசிலின்தான். போதும்மா, போதும்" என்று சொல்லி வைத்துவிட்டு ஓடினார். மரியா, "அவன யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், லைன் செத்துப்போயிற்று.

பெனிசிலினை உடனே தொடங்கினார்கள். சீரத்துக்குப் பதிலாக மனித ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து ஒன்று மதராஸில் இருந்தது. அதற்கான லைனையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அது வேனில் வந்து சேர்ந்தபோது மணி ஆறரை என்று மறுநாள் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். பையன் பிழைப்பான், ஆனால் நாளாகும் என்றார்.

ஷிப்ட் முடிந்து நான் கிளம்பும்போது மேடம் தன் மேசைக்குக் கூப்பிட்டார். பொய் சொன்னதற்குக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தத் தெரு மதாம்?"

சொன்னேன்.

"அவங்க பொண்ணு என் கிளாஸ்மேட்" என்றார். "லீவு நாள்ல அந்த வீட்டுக்குப் போவேன். உங்கம்மா எனக்கு எத்தனையோ தரம் காபி கொண்டு வந்து குடுத்திருக்காங்க." பென்சிலை மேசை மேல் நேராக வைத்தார். "ஒரு நாளும் பேரு கேட்டதில்ல. என்னா பேரு?"

"அஞ்சலை."

"இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். இப்ப வேலைக்குப் போறதில்ல."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சு. பதிவேட்டில் அன்றைய காலுக்கு நேராக, பிரெஞ்சு பேசியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். சக ஆபரேட்டர்களில் ஒருத்தி சில நாள் என் டிபன் பாக்ஸிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எப்போதும்போல எடுத்தார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை வருடம் எதற்கு மறைத்தோம் என்று வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்த்தபோதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து மனுவேல் ஊன்றுகோலோடு எக்ஸ்சேஞ்சுக்கு வந்தான். ஊருக்குக் கிளம்புமுன் அம்மாவோடு பேச வேண்டும் என்று பதிவு செய்திருந்தான். வெளியாட்களைப் போர்டு இருக்கும் அறைக்குள் விடமாட்டார்கள், அதனால் நான் வாசல் பக்கம் இருந்த டெலிபோன் கூண்டுக்கு எழுந்து வந்தேன். ஒல்லியாக, மயிரெல்லாம் வெட்டி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான்.

"குட் ஆஃப்டர்நூன், மேடம். எவ்ரிதிங் ஓகே?"

"ஓகே" என்றேன்.

வேறு ஏதோ சொல்ல நினைத்தான். அவன் உதடு அசைந்தது. அவன் கற்ற இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை. "எனிதிங் எல்ஸ், மேடம்?" என்றான். சொல்லிவிட்டு அது அதற்கான வார்த்தை இல்லை என்று அவனுக்கே தெரிந்து முகம் சிவந்துபோனான். பிறகு தன் பாஷையில் பேச ஆரம்பித்தான். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அவசரப்படாமல் நின்று முடிகிறவரை கேட்டேன். காலைக் காட்டினான், நெஞ்சைத் தொட்டான், எங்கேயோ கடலுக்கு அப்பால் கையை நீட்டினான்.

நான் போர்டுக்குத் திரும்பி லைன் போட்டுக் கொடுத்ததும் அவனும் அவன் அம்மாவும் பேசினார்கள். முடிக்கும்போது அந்த அம்மா என்னைக் கேட்டாராம். அவன் கூண்டுக் கண்ணாடி வழியே கையால் சைகை காட்டினான். போர்டில் சாவியைத் தள்ளிவிட்டு நான் லைனில் வந்தேன்.

"தனம்?"

"நான்தான் மரியா."

அன்றைக்கு என்ன நினைத்துப் பயந்தார் என்பதை அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ அங்க எந்த வீட்டுல வேலை செய்ற?" என்று கேட்டார். என் பிரெஞ்சைக் கேட்டவருக்கு வேறு எப்படித் தோன்றும்? டெலிபோன் இலாகா, அரசாங்க உத்தியோகம், இதற்கெல்லாம் எங்கள் சமையலறைப் பிரெஞ்சில் சொல் கிடையாது. "பெரிய வீடு. வேலை ஜாஸ்தி" என்றேன்.

"அன்னிக்கு மொதல்ல பேசினாங்களே, அவங்கதான் உங்க வீட்டம்மாவா?"

திரும்பிப் பார்த்தேன். ரோசாலி மேடம் நாலடி தள்ளி நின்றிருந்தார். அவர் ஹெட்செட்டின் பிளக் என் போர்டில் செருகியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றேன்.

"உன்ன நல்லா வெச்சிருக்காங்களா?"

"நல்லவங்கதான். கொஞ்சம் கத்துவாங்க."

மரியா சிரித்தார். "எல்லாரும் கத்துவாங்க. மனசுல வெச்சுக்காத. நமக்கு உடம்பு சரியில்லன்னா பாக்க வர்றாங்களா, அத மட்டும் பாரு."

"வருவாங்க" என்றேன்.

மேடம் சத்தம் இல்லாமல் பிளக்கை உருவிக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிகிறவரை அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.